கல் ஓரிடம், ஃபிலிம் வேறிடம்: ஸ்போர்ட்ஸ் கார் பெயிண்ட்டைக் காப்பதில் நடக்கும் தவறுகள்

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் பட்டறைக்குப் போன மாதம் ஒரு ஆடி டிடி வந்தது. இரண்டாம் தலைமுறை மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, கறுப்பு. வண்டிக்காரத் தம்பிக்குத் திருவொற்றியூர். பானெட் முழுக்க, கல்லடியிலிருந்து பெயிண்ட்டைக் காக்கும் ஃபிலிமை நல்ல விலையில் ஒட்டியிருந்தார். "ஒரு புள்ளி காட்டுங்க அண்ணே பார்ப்போம்" என்றார் பெருமையாக. நான் பானெட் பக்கமே போகவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு முன் சக்கரத்துக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கதவின் கீழ்விளிம்பில், ஒரு சாண் அகலத்துக்குள், கல் தெறித்துப் பெயிண்ட் பெயர்ந்த முப்பத்தேழு புள்ளிகள். அதில் ஏழெட்டு ஏற்கெனவே பழுப்பு கட்டிவிட்டன.

அந்த மாடலில் இன்னொரு வேடிக்கை உண்டு. முன்பக்கம் அலுமினியம், பானெட்டும் அதேதான். கதவும் டிக்கி மூடியும் இரும்பு. தம்பி துருப்பிடிக்காத தகட்டுக்கு ஃபிலிம் போட்டு, துருப்பிடிக்கிற தகட்டைத் திறந்து விட்டிருந்தார். கல்லடிக்காகச் செலவு செய்கிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். கண் போகிற இடத்துக்குக் காசு போகிறது, கல் போகிற இடத்துக்குப் போவதில்லை.

சொந்த டயரே எதிரி

கல் என்றாலே முன்னால் போகும் லாரியைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். உங்கள் டயரும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் டயர் அகலமானது, ரப்பரும் மிருதுவானது. கொஞ்சம் சூடானால் ரோட்டில் கிடக்கும் ஜல்லிப்பொடியையெல்லாம் ஒட்டிக்கொண்டு சுற்றும். சுற்றி எங்கே எறியும்? கதவின் அடிப்பாகம், சைடு ஸ்கர்ட், பின் சக்கரத்துக்கு முன்னால் இடுப்பு மாதிரி உப்பி நிற்கும் ஃபென்டர். வண்டியைப் பக்கவாட்டில் பார்க்கும்போது அழகே அந்த இடுப்புதான். முதலில் அடி வாங்குவதும் அதுதான்.

இந்த நிலையில் சிலர் அழகுக்காக ஸ்பேஸர் போட்டு, டயரை ஃபென்டருக்கு வெளியே தள்ளி வைக்கிறார்கள். கூடவே கம்பெனி கொடுத்த மட்ஃப்ளாப்பையும் கழற்றிவிடுகிறார்கள். வீட்டுக் கதவைக் கழற்றி வைத்துவிட்டுப் பூட்டு வாங்கப் போகிற கதைதான் இது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன மட்ஃப்ளாப் முன் சக்கரத்துக்குப் பின்னால் இருந்தாலே கதவுக்கு வரும் அடியில் பெரும்பகுதி குறைந்துவிடும். செலவும் ஃபிலிமோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

லாரிக்குப் பின்னால்

எண்ணூர் விரைவுச்சாலை, மணலி ரோடு, பொன்னேரி நெடுஞ்சாலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் டிரெய்லர்தான். சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி மூன்றுக்கும் கன்டெய்னர் பெட்டி இந்த வழியாகத்தான் போகிறது. அத்தனை எடை ஏறி இறங்குவதால் ரோட்டின் ஓரம் பெயர்ந்துகொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளம் விழுந்தால், பள்ளத்தைச் சுற்றி ஒரு கைப்பிடி ஜல்லி எப்போதும் சிதறிக் கிடக்கும். புது ரோடு போடுவதற்காகச் சுரண்டிவிட்டு அப்படியே விட்டிருக்கும் நாட்களில் இன்னும் மோசம்.

டிரெய்லரின் பின் அச்சில் டயர்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். அந்த ஜோடிக்கு நடுவே மாட்டிய கல் லேசில் விழாது, வேகம் ஏறும்போது சடாரென்று பிய்த்துக்கொண்டு கிளம்பும். தார்ப்பாய் சரியாகக் கட்டாத டிப்பரிலிருந்து கொட்டும் எம்-சாண்டைவிட இது பல மடங்கு ஆபத்து. ஆனால் நம் ஆட்கள் டிப்பரைக் கண்டால் விலகுவார்கள், டிரெய்லருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போவார்கள். டிடி தம்பியின் அப்பாவுக்கே நாலு டிரெய்லர் காட்டுப்பள்ளிக்கு ஓடுகிறது. பட்டறைக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தவர் சொன்னார்: "வண்டி பின்னாலயே ஒட்டிக்கினு வந்தா கல்லு அடிக்காம பூவா போடும்?"

எவ்வளவு தள்ளிப் போவது என்றால், மூன்று விநாடிக் கணக்குதான் சுலபம். லாரி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பியுங்கள், மூன்று எண்ணிய பிறகு நீங்கள் அதைத் தாண்ட வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் அது சுமார் 67 மீட்டர். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அவ்வளவு இடம் விட்டால் நடுவில் இரண்டு ஷேர் ஆட்டோ புகுந்துவிடும் என்பீர்கள். சரிதான். ஆனால் அங்கே போகும் வேகத்துக்குக் கல்லும் பெரிதாக ஒன்றும் செய்யாது. கல்லின் அடி வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது. 80-இலிருந்து 120-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான், அடி இரண்டேகால் மடங்கு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையில் 62 கி.மீ.யையும் ஒரே மூச்சில் விரட்டுகிறவர்களின் பம்பரைப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும்.

தாண்டும்போது இன்னொரு விஷயம். டிரெய்லரின் பின் டயருக்குப் பக்கத்திலேயே சேர்ந்தாற்போல ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். வழி இருந்தால் தாண்டுங்கள், இல்லையென்றால் பின்னால் இருங்கள்.

செராமிக் கோட்டிங் கவசம் இல்லை

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கம்பெனி பெயிண்ட்டில் தகட்டின் மேல் அடிக்கோட், பிரைமர், கலர், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான். இரண்டு தலைமுடியை ஒன்றன்மேல் ஒன்று வைத்த தடிமன், அவ்வளவுதான். அதற்கு மேல் பூசும் செராமிக் ஒன்றிரண்டு மைக்ரான். தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு ஒட்டாது, பளபளப்பு நிற்கும். ஜல்லிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கல்லைத் தாங்குவது பிபிஎஃப் என்கிற பாலியூரிதேன் ஃபிலிம். பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான், அதாவது பெயிண்ட் மொத்தத்தையும்விடத் தடிமன். ஹெலிகாப்டர் இறக்கைகளின் விளிம்பை மணல் அரிக்காமல் இருக்க வந்த சரக்கு இது. கல் பட்டால் அமுங்கி, அடியைப் பரப்பிவிட்டு, திரும்ப எழும்பும். மேலே விழுந்த மெல்லிய கீறல்களை வெயிலே சரிசெய்துவிடும். வெயிலுக்குத்தான் நமக்குப் பஞ்சமில்லையே. ஆனால் ஃபிலிமையே கிழித்துக்கொண்டு போன கல்லுக்கு வெயில் மருந்தாகாது. அந்த இடத்து ஃபிலிமை மாற்ற வேண்டியதுதான்.

ஃபிலிம் ஒட்டுவதில் நான் பார்க்கும் பிழைகள் நிறைய. மலிவாகக் கிடைக்கிறதே என்று டிபிஎச் வாங்குகிறார்கள். பெயர் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது பிவிசி. நம் வெயிலில் மஞ்சளாகி, விறைத்துப்போய், கழற்றும்போது துண்டு துண்டாக வரும். பாலியூரிதேன் வகையான டிபியு என்று பில்லிலும் வாரன்டி அட்டையிலும் எழுதியிருக்கிறதா பாருங்கள். அடுத்தது, பானெட்டில் பாதிக்கு மட்டும் ஒட்டுவது. வெட்டு விழுந்த கோட்டில் தூசி சேர்ந்து, ஆறே மாதத்தில் பானெட் குறுக்கே பென்சிலில் கோடு போட்ட மாதிரி ஆகிவிடும். காசு குறைவாக இருந்தால் பானெட்டைவிட முன் பம்பர், கண்ணாடிக் கூடு, சைடு ஸ்கர்ட், கதவின் கீழ்ப்பகுதி, பின் ஃபென்டர் ஆகியவற்றுக்கு முதலில் போடுங்கள் என்பேன். பானெட் படுத்திருக்கிறது, கல் பல நேரம் சறுக்கிக்கொண்டு போய்விடும். பம்பர் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது.

ஒட்டும் இடமும் முக்கியம். திறந்த ஷெட்டில், ஈரத்தோடு பறக்கும் சாம்பலும் தூசியும் ஃபிலிமுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கடைசிவரை மருபோலத் தெரியும். வண்டிமேல் வைத்தே பிளேடால் வெட்டுகிறவரிடம் கொடுக்காதீர்கள், பெயிண்ட்டில் விழுந்த பிளேடு கோடு கல்லடியைவிடக் கொடியது.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், பெயிண்ட் அடித்து ஒரு வாரமே ஆன பம்பருக்கு ஃபிலிம் ஒட்டினேன். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார், நானும் தலையாட்டினேன். ஓரம் சரியாக உட்காரவில்லையே என்று தூக்கி ஒட்டப் பார்த்தேன். ஃபிலிமோடு கிளியர் கோட்டும் கலரும் சேர்ந்து, தோசைக்கல்லில் ஒட்டிய தோசை மாதிரி கழன்று வந்தது. புது பெயிண்ட் உள்ளே உலர ஒரு மாதமாவது விட வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் அதனால்தான் முதலில் தடிமன் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பேனலில் மட்டும் 200, 300 மைக்ரான் காட்டினால் அது மறுபெயிண்ட். அதற்கும் மேலே போனால் அடியில் பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி இருக்கிறது. அந்தப் பேனலில் ஃபிலிம் ஒட்டலாம், கழற்றும்போதுதான் பயம்.

சின்னச் சின்ன வினைகள்

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று பம்பரில் கறுப்புக் கயிறு கட்டி எலுமிச்சம்பழம் தொங்கவிடுகிறோம். நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஆனால் தூசி படிந்த கயிறு ஓடும்போது ஆடி ஆடி, பெயிண்ட்டை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். வண்டிக்கு உள்ளே கட்டினால் கண்ணடிக்கு அதுவும் கேட்கும் என்று நினைக்கிறேன்.

வீட்டு வாசலில் போடும் கவருக்கும் இதே கதை. தூசியைக் கழுவாமல் கவர் போட்டால், கடற்காற்றில் அது அசைந்து அசைந்து இரவெல்லாம் தேய்க்கும். எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் படிகிற வண்டியை உலர்ந்த துணியால் துடைப்பதும் அப்படித்தான். முதலில் தண்ணீர், அப்புறம் துணி.

வாட்டர் வாஷில் பிரஷர் கன்னைப் புள்ளி விழுந்த இடத்துக்கோ ஃபிலிம் ஓரத்துக்கோ கிட்டே பிடித்தால், கல் விட்டுவைத்ததைத் தண்ணீர் உரித்துவிடும். ஓர் அடி தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ரேடியேட்டரை மறந்துவிடாதீர்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் பம்பரின் பெரிய வாய்க்குப் பின்னாலேயே ஏசி கண்டென்சர் இருக்கும், ஒரு கல் போதும் காஸ் இறங்க. வலை போடலாம். ஆனால் கொசுவலை மாதிரி நெருக்கமாகப் போட்டுவிட்டு, சித்திரை வெயிலில் மின்ட் சிக்னலில் இன்ஜின் சூடேறுகிறது என்று வராதீர்கள்.

ரேஸ் டிராக்குக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் ரெட்ஹில்ஸைத் தாண்டி, நம் பக்கத்துச் சோழவரம் விமான ஓடுபாதையில்தான் பந்தயம் நடந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்ததும் எல்லாம் அங்கே போய்விட்டது. அங்கே போகும்போது பம்பரில் பெயிண்டர் டேப் ஒட்டிக்கொள்வது நல்ல யோசனை. அன்று மாலையே உரிக்காமல் இரண்டு நாள் வெயிலில் விடுவதுதான் தவறு, பசை வெந்து உட்கார்ந்துவிடும்.

புள்ளி விழுந்த பிறகு

"சின்னப் புள்ளிதானே, பத்து சேர்ந்ததும் ஒன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்." கடலை விட்டுத் தள்ளி இருப்பவர்கள் சொல்லலாம், கடலோரத்தில் இருப்பவர்கள் சொல்லக்கூடாது. காசிமேட்டிலிருந்து வரும் மீன் வண்டிகள் ஐஸ் தண்ணீரை ரோடெல்லாம் ஒழுகவிட்டுப் போகும். அதன்மேல் ஓட்டிவிட்டு, உப்புக்காற்றில் வண்டியை நிறுத்தினால் இரும்பு தெரியும் புள்ளி சில நாளிலேயே பழுப்பாகும். பிறகு பெயிண்ட்டுக்கு அடியில் வேர்விடும். அலுமினியம் சிவக்காது, ஆனால் வெள்ளையாகப் பொங்கி பெயிண்ட்டைத் தூக்கும். பிளாஸ்டிக் பம்பருக்கு மட்டும்தான் அவசரம் இல்லை.

டச்-அப் செய்கிறவர்களின் வழக்கமான தவறு, பாட்டில் மூடியில் இருக்கும் பிரஷ்ஷாலேயே ஒரு சொட்டு வைத்துவிடுவது. ஒரு பருவைக் கொண்டுவந்து ஒட்டிய மாதிரி இருக்கும். டிடி கதவில் நான் செய்தது இது. டிக்கிக்குள் இருக்கும் ஸ்டிக்கரில் கலர் குறியீட்டு எண்ணைப் பார்த்து அதே பெயிண்ட் வாங்கினேன். புள்ளியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பழுப்பை ஊசி முனையால் சுரண்டி, தகடு பளிச்சென்று வந்ததும் துருத்தடுப்பு பிரைமர் வைத்தேன். பிறகு பல்குத்தும் குச்சி நுனியில் கலரைத் தொட்டு, குழியின் நடுவில் மட்டும். காய விட்டு இன்னொரு தடவை. மேலே கிளியர். நன்றாக இறுகிய பிறகு, மேடாக நின்ற இடத்தை மட்டும் 2000 நம்பர் தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து பாலிஷ். முப்பத்தேழு புள்ளிக்கும் இரண்டு நாள் பிடித்தது. துருவின் மேலேயே பெயிண்ட் வைத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும், அடுத்த மழைக்குள் திரும்ப வந்தும் இருக்கும்.

இன்ஷூரன்ஸில் கேட்கலாமா என்று தம்பி கேட்டார். க்ளெய்ம் எடுக்காமல் முதல் வருடம் ஓட்டினால் 20 சதவீதம், ஐந்து வருடம் ஓட்டினால் 50 சதவீதம் என்று சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி ஏறிக்கொண்டே போகிறது. ஒரு க்ளெய்ம் போட்டால் அது போய்விடும். விலை உயர்ந்த வண்டியின் பிரீமியத்தில் பாதி என்பது என் டச்-அப் கூலியைப் போலப் பல மடங்கு. "வேண்டாம் தம்பி" என்றேன்.

இப்போது கதவுக்கும் ஸ்கர்ட்டுக்கும் பின் ஃபென்டருக்கும் ஃபிலிம் போட்டாகிவிட்டது. மட்ஃப்ளாப் மட்டும் அசிங்கமாக இருக்கும் என்று முதலில் மறுத்துவிட்டார். போன வாரம் அவரே வந்து மாட்டிக்கொண்டு போனார், அப்பாவின் டிரெய்லருக்கு வாங்கியதில் மிஞ்சிய ரப்பரில் வெட்டியது.