ரேஞ்சராகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வனத்துறைக்கு வர ஆசைப்படும் பிள்ளைகளிடம் பேசும்போது, நான் முதலில் ஒரு சொல்லைத்தான் தெளிவுபடுத்துவேன். அமெரிக்காவில் பார்க் ரேஞ்சர் என்றால் பூங்காவில் நேரடியாகக் காவல் பார்ப்பவர், வருகிறவர்களுக்கு வழிகாட்டுபவர். நம் ஊரில் ரேஞ்சர் என்பவர் வனச்சரக அலுவலர், ஒரு சரகம் முழுவதற்கும் பொறுப்பாளி. காட்டுக்குள் தினமும் நடப்பவர்கள் அவருக்குக் கீழே வேலை செய்யும் வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர், அப்புறம் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். வெளிநாட்டுத் தகுதிப் பட்டியலை இணையத்தில் படித்துவிட்டுத் தயாராகிறவர்கள் இங்கேயே தடம் மாறிப்போகிறார்கள்.

தமிழ்நாட்டில் நேரடியாக ரேஞ்சராக வர டிஎன்பிஎஸ்சி நடத்தும் வனத்தொழில் பழகுநர் தேர்வை எழுத வேண்டும். பட்டப்படிப்பு கட்டாயம். வனவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. விலங்கியல், தாவரவியல், வேளாண்மை, பொறியியல் போன்றவற்றைப் படித்தவர்களும் எழுதலாம். வனவராக இருந்து பதவி உயர்வில் வருகிறவர்களும் உண்டு. உடல் தகுதியில் நடைத் தேர்வு முக்கியம்: நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கி.மீ., பெண்கள் 16 கி.மீ. நடக்க வேண்டும். பலர் அந்த ஒரு நாளுக்காக மட்டும் உடம்பைத் தேற்றிக்கொண்டு, தேர்வு முடிந்ததும் நடப்பதையே விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் எல்லாத் தவறும் தொடங்குகிறது என்பேன்.

ஒரு சரகத்துக்கு நான் புதிதாகப் போன சமயம். புலிகள் காப்பகங்களில் ரோந்துப் பாதையைப் பதிவு செய்ய எம்-ஸ்ட்ரைப்ஸ் என்ற செயலி இருக்கிறது. அதில் ஒரு பீட்டின், அதாவது ஒரு காப்பாளரின் காவல் எல்லையின் பதிவைப் பார்த்தேன். ஐந்து நாளாக ஒரே கோடு. ஜீப் பாதையிலேயே போய், ஓடைக்கு முன்னால் திரும்பியிருந்தார்கள். மெமோ கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எதற்கும் நேரில் பார்ப்போம் என்று மறுநாள் விடியற்காலையில் அவர்களோடு கிளம்பினேன். ஓடைக்கு நூறு அடி இருக்கும்போதே முன்னால் போனவர் கையை உயர்த்தி நிறுத்தினார். உன்னிச்செடி இரண்டு பக்கமும் சாய்ந்திருந்தது. யானைச் சாணியைக் காலால் புரட்டிப் பார்த்தார், உள்ளே இன்னும் சூடு ஆறவில்லை. பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு அளவுக்குக் குட்டியின் கால்தடம். “ஐயா, குட்டியோட நிக்குதுங்க. ரெண்டு பேரா இதுக்கு மேல போகக் கூடாதுங்க” என்றார். அந்த பீட்டில் மூன்றாவது ஆள் இல்லை, கையில் இருந்த டார்ச்சும் எரியவில்லை. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். “யாரும் கேக்கலீங்க” என்றார்.

அன்றைக்கு மெமோ கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த வாரம் அவர்கள் ஓடையைத் தாண்டியிருப்பார்கள். எங்கே நடந்தார்கள் என்பதைச் செயலி காட்டும், ஏன் நின்றார்கள் என்பது கேட்டால்தான் தெரியும். மாதக் கூட்டத்தில் கிலோமீட்டர் எண்ணிக்கையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், கிலோமீட்டருக்காகவே சாலையில் நடப்பார்கள். அந்த எண்ணிக்கையால் வேட்டைக்காரர்கள் வைத்த ஒரு கண்ணிக் கம்பி கூடக் கிடைக்காது.

பழங்குடி காவலர்களை வெறும் வழிகாட்டியாக மட்டும் வைத்திருப்பதும் பெரிய தவறு. 2021-இல் கூடலூர், மசினகுடிப் பக்கம் எம்டிடி 23 என்ற புலியைத் தேடியபோது ட்ரோன், கும்கி, மோப்ப நாய் எல்லாம் வந்தன. ஆனாலும் தடம் பார்த்துச் சொல்லும் பழங்குடி ஆட்கள் இல்லாமல் அந்த வேலை நடக்கவில்லை. அக்டோபர் 15 அன்று புலி உயிரோடு பிடிபட்டது. இப்படிப்பட்டவர்களைத் திட்டம் போடும்போதே உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அவர்களுடைய சம்பளப் பட்டியலைச் சரியான தேதியில் அனுப்புவதும் மேற்பார்வைதான். பில் எழுதுவது, மதிப்பீடு தயாரிப்பது, ரொக்கப் பதிவேடு இவற்றை எழுத்தர் பார்த்துக்கொள்வார் என்று விடுகிற ரேஞ்சரின் முகாம்களில்தான் அரிசி தீர்ந்துபோகும், பூட்ஸ் கிழிந்துகிடக்கும்.

அடுத்தது வழக்கு விஷயம். புதிதாக வந்த காப்பாளர் ஒருவர் கண்ணி ஒன்றைக் கண்டுபிடித்து, சந்தோஷமாக அவிழ்த்து அலுவலகத்துக்கே கொண்டுவந்துவிட்டார். வண்டியின் பிரேக் கம்பியில் செய்தது. எந்த மரத்தில், எந்த உயரத்தில், எப்படி முடிச்சுப் போட்டிருந்தார்கள் என்பதெல்லாம் போயிற்று. அவரைத் திட்டிப் பயனில்லை, சொல்லித் தராதது எங்கள் தவறு. கண்ணியோ, இரைக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயோ, கிடைத்த இடத்திலேயே படம் எடுத்து, சாட்சிகளை வைத்து அங்கேயே மகஜர், அதாவது பறிமுதல் விவரக் குறிப்பு எழுத வேண்டும். அவுட்டுக்காயைக் கையால் தொடவே கூடாது, வெடித்துவிடும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 50(8) பிரிவின்படி சாட்சியம் பதிவு செய்யும் அதிகாரம் உதவி வனப்பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரிக்கே உண்டு. இது தெரியாமல் எழுதி வாங்கிய வாக்குமூலத்தை நம்பிப் போனால் வழக்கு நீதிமன்றத்தில் தடுமாறும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். அதுவரை அவர் மேல் ஒரு அடி விழாமல் பார்த்துக்கொள்வதும் ரேஞ்சரின் பொறுப்பு.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டம் வாச்சாத்திக்குச் சந்தன மரம் தேடுவதாகப் போன வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் மலைவாழ் மக்களை அடித்து நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தீர்ப்பு வந்தது, 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சீருடை போட்ட ஆட்களைச் சோதனைக்கு அனுப்பும் எவருக்கும் இந்த வழக்கு தெரிந்திருக்க வேண்டும். காட்டில் வாழும் மக்களுக்குத் தேன் போன்ற சிறு வனப்பொருள்களை எடுக்க உரிமை தரும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தையும் படித்திருக்க வேண்டும். தேன் எடுக்கப் போகிறவரைக் குற்றவாளி போல நிறுத்தி வைக்கும் காவலருக்கு அந்தச் சட்டத்தை யாரும் சொல்லித் தரவில்லை என்று அர்த்தம். ஊர்க்காரர்கள் ஒரு முறை பகையாகிவிட்டால், வெளியாள் காட்டுக்குள் நுழைவதை உங்களுக்குச் சொல்ல ஆள் இருக்காது.

கடைசியாக, தீ. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடை வந்த பிறகு தீத்தடுப்புக் கோடு வெட்டிக்கொண்டிருப்பது தவறு, புல் காயத் தொடங்கும்போதே அதை முடித்திருக்க வேண்டும். எந்தப் பாதையில் யார் உள்ளே போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது சோதனைச் சாவடிப் பதிவேட்டில் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க தீ அடித்துவிட்டு வந்தவரைக் காலையில் மறுபடி ரோந்துக்கு அனுப்பாதீர்கள். முறை போட்டு ஆள் மாற்றுங்கள். கோடைக்கு முன்னால் ஒவ்வொரு முகாமுக்கும் நீங்களே நடந்து போய், தண்ணீர்க் கேன், டார்ச், பூட்ஸ், முதலுதவிப் பெட்டி எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். டார்ச்சை அங்கேயே அழுத்தி எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.