மிச்சிகன் – ஒஹாயோ ஸ்டேட் ஆட்டம்: ஸ்டேடியத்துக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகமும் மோதும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை அந்த இரண்டு ஊர்க்காரர்களும் ‘தி கேம்’ என்று மட்டும்தான் சொல்வார்கள். முதல் ஆட்டம் 1897இல் நடந்தது. 1918 முதல் வருடம் தவறாமல் நடந்துவருகிறது. கொரோனாவால் 2020இல் மட்டும் நின்றது. ஒற்றைப்படை வருடம் என்றால் மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பர், இரட்டைப்படை என்றால் ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸ். ஆன் ஆர்பர் ஸ்டேடியத்தின் கொள்ளளவு 1,07,601. கொலம்பஸில் 1,02,780.

அங்கே படிக்க வந்த பிள்ளைகளும், அவர்களைப் பார்க்க வந்த பெற்றோருமாக நம்மவர்கள் பலர் இந்த ஆட்டத்துக்குப் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் வேலை உண்டு. எப்போது கத்துவது, எப்போது வாயை மூடுவது, என்ன நிறம் உடுத்துவது என்று எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. அது தெரியாமல் போனால் அந்த நாளின் பாதிச் சுகம் போய்விடும்.

தப்பான நேரத்தில் கத்துவது

முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். நம் அணி பந்தோடு கோல் கோட்டை நெருங்கும்போது உற்சாகம் தாங்காமல் கத்துவார்கள். அப்போதுதான் அமைதி வேண்டும். குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவர், கொடுக்கும் குரல் தனக்கு முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து பேருக்கும் கேட்டாக வேண்டும்.

எதிரணி கையில் பந்து இருக்கும்போது தொண்டை கிழியக் கத்தலாம். அதிலும் மூன்றாவது டவுன்தான் உச்சம். பத்து கெஜம் முன்னேற ஒரு அணிக்கு நான்கு முயற்சிகள், ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றாவதிலும் முடியாவிட்டால், பெரும்பாலும் நான்காவதில் பந்தை உதைத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். 2024 முதல் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளர் ரேடியோவில் பேசலாம். ஆனால் அடுத்த முயற்சியைத் தொடங்கக் கொடுக்கும் நேரத்தைக் காட்டும் கடிகாரத்தில் 15 விநாடி மிஞ்சும்போது அந்தத் தொடர்பு அறுந்துவிடும். அதற்குப் பிறகு எதிரணி ஆட்டக்காரர்கள் ஒருவர் குரலை ஒருவர் நம்பித்தான் நிற்க வேண்டும்.

கூட்டம் முழுக்கத் திரண்டு கத்த வேண்டிய நேரம் அதுதான். குவார்ட்டர்பேக்கைக் காக்க ஓரத்தில் நிற்கும் எதிரணித் தடுப்பு ஆட்டக்காரனுக்குக் குரல் கேட்காது. ஓரக்கண்ணால் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். எதிரே நிற்பவன் பாய்ந்துவிடுவானோ என்ற பதற்றத்தில் பந்து நகர்வதற்குள் தோளை அசைத்துவிடுவான். உடனே நடுவரின் மஞ்சள் துணி விழும், ஐந்து கெஜம் தண்டனை. இரண்டு கெஜம் தேவைப்பட்ட இடத்தில் இப்போது ஏழு. இருக்கையில் இருப்பவர் ஆட்டத்தின் போக்கை நிஜமாகவே மாற்றுவது இந்த இடத்தில்தான். அந்தச் சமயத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பது பெரிய இழப்பு.

பெயரையும் நிறத்தையும் குழப்புவது

மிச்சிகன் வேறு, மிச்சிகன் ஸ்டேட் வேறு. ஒஹாயோ ஸ்டேட் கொலம்பஸில் இருப்பது. ஒஹாயோ யுனிவர்சிட்டி ஏதென்ஸ் என்ற ஊரில் இருக்கும் வேறொரு கல்லூரி. இதை மாற்றிச் சொன்னால் அந்தக் கூட்டத்தில் யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆட்டம் நடக்கும் வாரத்தில் ஒஹாயோ ஸ்டேட் வளாகப் பலகைகளில் ‘எம்’ எழுத்து வரும் இடமெல்லாம் சிவப்பு டேப் ஒட்டி அடித்திருப்பார்கள். மிச்சிகனின் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘வடக்கே இருக்கிற அந்த அணி’ என்பார்கள்.

மிச்சிகனுக்கு மஞ்சளும் நீலமும். ஒஹாயோ ஸ்டேட்டுக்குச் சிவப்பும் சாம்பலும். கையில் இருக்கிற ஒரே குளிர்கோட்டு சிவப்பு என்பதற்காக அதையே மாட்டிக்கொண்டு ஆன் ஆர்பர் போகாதீர்கள். கொலம்பஸில் நீலத்துக்கும் அதே கதிதான். சந்தேகமாக இருந்தால் கறுப்பு.

குளிரைக் குறைத்து மதிப்பிடுவது

நண்பகல் ஆட்டம்தானே என்று ஜீன்ஸும் தடித்த கோட்டு ஒன்றும் போட்டுக்கொண்டு போவார்கள். ஆட்டம் மூன்றரை மணி நேரம் ஓடும். அதற்கு முன்னால் வெளியே நிற்கும் நேரம் தனி. உட்காருவதோ பெரும்பாலும் உலோகப் பெஞ்சில். 1950இல் கொலம்பஸில் கடும் பனிப்புயலுக்கு நடுவே இதே ஆட்டம் நடந்தது. ஒரு முதல் டவுன்கூட (பத்து கெஜம் முன்னேறிப் புதிதாக நான்கு முயற்சிகள் பெறுவது) எடுக்காமலே மிச்சிகன் 9–3 என்று ஜெயித்தது. பனி கொட்டுகிறது என்பதற்காக ஆட்டத்தைத் தள்ளிவைப்பார்கள் என்று எண்ண வேண்டாம்.

உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத கோட்டு என்று அடுக்காகப் போடுங்கள். குளிர் முதலில் பிடிப்பது பாதத்தை. பருத்திக் காலுறை வியர்வையில் நனைந்து சில்லிட்டுவிடும் என்பதால் கம்பளிக் காலுறைதான் சரி. இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு ஜோடி திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் விறைக்கும். காலடியில் ஒரு அட்டைத் துண்டைப் போட்டுக்கொண்டால் கான்கிரீட்டின் குளிர் ஏறாது.

கைச்சூட்டுப் பொட்டலத்தில் இருப்பது இரும்புத்தூள். காற்றுப்பட்டால்தான் அது சூடாகும். உட்காருவதற்குக் கால்மணி நேரம் முன்பே உறையைப் பிரித்துக் குலுக்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதையே ஷூவுக்குள் வைத்தால் காற்று இல்லாமல் அணைந்துவிடும். காலுக்கென்று தனிப் பொட்டலம் கிடைக்கிறது. இரண்டு ஸ்டேடியத்திலும் குடைக்கு அனுமதி இல்லை, மழைக்கோட்டுதான்.

டிக்கெட்டும் வாசலும்

டிக்கெட் எல்லாம் போனில்தான். ஒரு லட்சம் பேர் கூடும் இடத்தில் நெட்வொர்க் திணறும். வாசலில் நின்று ஆப்பைத் திறக்கலாம் என்று இருக்காதீர்கள். வீட்டிலேயே போனின் வாலட்டில் ஏற்றிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். நொடிக்கு நொடி மாறும் பார்கோடு என்றால் அது செல்லாது. குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். மறுவிற்பனையில் விலை குறைவாகத் தெரிகிறதே என்று மாணவர் பகுதி டிக்கெட்டை வாங்கினால், மாணவர் அட்டை கேட்டு வாசலில் நிறுத்தக்கூடும்.

பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்கள் ஆன் ஆர்பரின் அமைப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்த ஸ்டேடியத்தின் பெரும்பகுதி கிணறு மாதிரி தரைக்குக் கீழே இருக்கிறது. வரிசை எண் குறையக் குறைய மைதானம் பக்கத்தில் வரும், ஆனால் இறங்க வேண்டிய படிகள் கூடும். திரும்பும்போது அத்தனையும் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்குப் பத்தாம் வரிசையைவிட அறுபதாம் வரிசையே வசதி.

வாத்தியக் குழுவைத் தவறவிடுவது

ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தால் அதற்குள் பாதித் திருவிழா முடிந்திருக்கும். கொலம்பஸில் வாத்தியக் குழு நடந்தபடியே ‘ஒஹாயோ’ என்று ஆங்கிலத்தில் மைதானத்தில் எழுதும். கடைசியில் சூசாஃபோன் என்ற பெரிய ஊதுகுழல் வாசிக்கும் ஒருவர் துள்ளி நடந்து போய் ‘ஐ’ எழுத்தின் புள்ளியாக நின்று குனிந்து வணங்குவார். கூரை இல்லாத அந்த ஸ்டேடியமே அப்போது அதிரும். ஆன் ஆர்பரில் ஆட்டக்காரர்கள் ஓடிவந்து, நீலப் பதாகையைத் துள்ளித் தொட்டுவிட்டுத்தான் களம் இறங்குவார்கள். அரைமணி நேரமாவது முன்னதாக இருக்கையில் இருங்கள்.

இடைவேளை 20 நிமிடம். எல்லோரும் கழிப்பறைக்கு ஓடுவது அப்போதுதான், வாத்தியக் குழுக்கள் களத்தில் வாசிப்பதும் அப்போதுதான். இடைவேளைக்கு முந்தைய இரண்டாம் குவார்ட்டரில் (ஆட்டத்தின் கால்பகுதியில்) டி.வி. விளம்பரத்துக்காக ஆட்டம் நிற்கும்போதே போய்வந்துவிட்டால் இரண்டும் கெடாது.

டெயில்கேட்டில்

கார் டிக்கியைத் திறந்துவைத்து, அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடும் கூட்டம் காலையிலேயே தொடங்கிவிடும். வெறுங்கையோடு போகாதீர்கள். சைவம் என்றால் உங்கள் பங்கை நீங்களே கொண்டுபோங்கள், அங்கே பெரும்பாலும் இறைச்சிதான். 21 வயது நிரம்பாதவர் மதுவைக் கையில் வைத்திருப்பதே சட்டத்துக்கு விரோதம். கைதானது உண்டா என்று விசா படிவம் கேட்கும் என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஜெயித்ததும் களத்தில் குதிப்பது

2021இல் எட்டு ஆட்டத் தொடர்தோல்விக்குப் பிறகு 42–27 என மிச்சிகன் ஜெயித்தபோது கூட்டம் களத்துக்குள் பாய்ந்தது. அந்த ஆசை புரிகிறது. ஆனால் சுவரிலிருந்து குதித்தால் கணுக்கால் போகும், பின்னால் வருகிற நெரிசல் நிற்காது. 2024இல் கொலம்பஸில் மிச்சிகன் 13–10 என ஜெயித்து, ஆட்டக்காரர்கள் கொடியை மைதானத்து நடுவில் நடப்போக, கைகலப்பாகி, போலீஸ் மிளகுத்தூள் ஸ்பிரே அடிக்க நேர்ந்தது. இருக்கையிலேயே நில்லுங்கள். கொலம்பஸில் தோற்றாலும் ஜெயித்தாலும் தோளில் கைபோட்டு ‘கார்மென் ஒஹாயோ’ என்ற பல்கலைக்கழகப் பாட்டைப் பாடுவார்கள், அதுவரை இருங்கள்.

உடனே காரை எடுத்தால் நகராமல் நிற்கத்தான் வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். ஆன் ஆர்பருக்கும் கொலம்பஸுக்கும் இடையே யு.எஸ். 23 வழியாக ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். நவம்பர் கடைசியில் ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும், மான்கள் சாலையைக் குறுக்கிடும் பருவமும் அதுதான். காலையிலிருந்து கத்திக் களைத்தவர் ஓட்டாமல், அன்றைக்குக் குடிக்காத, கண் அசராத ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.