முதல் கிழமையிலேயே புத்தகம் வாங்கிவிடாதீர்கள்: கல்லூரி நூலகத்தின் ரிசேர்வ் புத்தகங்கள்

போன கிழமை திருகோணமலை உவர்மலையில் சித்தப்பா வீட்டில், கனடாவுக்குப் படிக்கப் போகும் தம்பியின் பெட்டியைத் தூக்குத் தராசில் கொழுவி நிறுத்துக்கொண்டிருந்தோம். 23 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. முள் 26ஐத் தாண்டி நின்றது. மிளகாய்த்தூளிலும் நெத்தலிக் கருவாட்டிலும் கைவைக்கச் சித்தி விடவில்லை. பெட்டியின் அடியில் துழாவினேன். சுருள் கம்பி போட்ட இரண்டு கட்டுப் போட்டோக் கொப்பி. கணக்கியல் பாடப்புத்தகம், ஆயிரம் பக்கத்துக்கு மேல். பஸ் நிலையத்தடியில் இருக்கும் கடையில் இரண்டு நாள் நின்று அடிப்பித்திருக்கிறான். தூக்கிப் பார்த்தால் மூன்று கிலோ வரும்.

"அக்கா, அங்க இந்தப் புத்தகம் நூற்றைம்பது டொலராம். இது இல்லாமப் போய் என்ன செய்யிறது?"

அவன் பயம் எனக்குத் தெரியும். நானும் இதே ஊரிலிருந்து ஸ்காபரோவுக்குப் போய்ப் படித்தவள். முதல் கிழமையிலேயே மூன்று புத்தகம் வாங்கி, அந்த மாத வாடகைக்கு மாமாவிடம் கை நீட்டியவள். பிறகுதான் தெரிந்தது, அந்த மூன்றில் இரண்டு கல்லூரி நூலகக் கவுண்டருக்குப் பின்னால் எனக்காகவே இருந்தன என்று. அதைச் சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை. அதனால்தான் செப்டெம்பரிலோ ஜனவரியிலோ கனடாவுக்குப் படிக்கப் புறப்படும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன்.

அங்கே இதற்கு 'கோர்ஸ் ரிசேர்வ்' என்று பெயர். நம் நாட்டுக் கம்பஸ் நூலகங்களைப் பார்த்தவர்களுக்கு 'ஷெடியூல் ரெஃபரன்ஸ்' தெரிந்திருக்கும். ஏறக்குறைய அதே யோசனைதான். ஒரு பாடத்துக்கு எந்தப் புத்தகம் வேண்டும் என்று விரிவுரையாளர் நூலகத்துக்குச் சொல்லிவிடுவார். நூலகம் அதை வழமையான இறாக்கையிலிருந்து எடுத்துக் கவுண்டருக்குப் பின்னால் வைத்துவிடும். சில வேளை விரிவுரையாளர் தன் சொந்தப் பிரதியையே கொடுத்து வைப்பார். ஒருவருக்கு ஒரு தடவையில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று மணித்தியாலம்தான். அப்படி இருப்பதால்தான் இருநூறு பேர் படிக்கும் பாடத்துக்கு இரண்டு புத்தகம் போதுமாகிறது.

தேடும்போது புத்தகத்தின் பெயரைப் போட்டுத் தேடினால், வேறு வளாகத்தில் இருக்கும் பழைய பதிப்பு ஒன்றைக் காட்டி உங்களைக் குழப்பும். நூலக இணையத்தளத்தில் ரிசேர்வுக்கென்று தனியாக ஓர் இடம் இருக்கும். அதில் பாடக் குறியீட்டைப் போடுங்கள், அல்லது விரிவுரையாளரின் பெயரைப் போடுங்கள். இரண்டும் முதல் நாள் தரும் கோர்ஸ் அவுட்லைன் என்ற பாட விவரத் தாளின் முதல் பக்கத்திலேயே இருக்கும். வரும் புத்தகத்துக்குப் பக்கத்தில் எழுத்தும் இலக்கமுமாக ஓர் அழைப்பு எண் இருக்கும். அதைப் போனில் படம் பிடித்து, மாணவர் அட்டையோடு கவுண்டரில் நீட்டினால் போதும். நீளமாக ஆங்கிலம் பேச வேண்டியதில்லை. நான் முதல் தடவை, புத்தகத்தைக் கேட்கும் ஒரு வசனத்தை மனதுக்குள் பத்துத் தரம் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனேன். அங்கே நின்ற பெண் அட்டையை வாங்கி, ஒரு தரம் ஸ்கேன் செய்து, அட்டைமேல் கலர்ப் பட்டி ஒட்டிய புத்தகத்தைத் தந்து, "நாலே காலுக்குள் கொண்டு வாங்கோ" என்ற அளவில் ஏதோ சொன்னாள். அவ்வளவுதான். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

ஆனால் நாலே கால் என்றால் நாலே கால்தான். தண்டம் இருக்கும் இடங்களில், சாதாரணப் புத்தகத்துக்கு அது நாள் கணக்கில் வரும், ரிசேர்வுக்கு மணிக் கணக்கில் ஏறும். பல இடங்களில் தண்டத்தைக் கட்டும்வரை வேறு எதையும் இரவல் எடுக்க விடமாட்டார்கள். ஒரு தடவை புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய், கதையில் நேரம் போனது தெரியாமல் இருந்து நானும் தண்டம் கட்டியிருக்கிறேன். போனில் அலாரம் வைத்துவிடுங்கள். இன்னொன்று: திருப்பிக் கொடுக்கும்போது வாசலில் இருக்கும் பெட்டிக்குள் போடாதீர்கள், கவுண்டரிலேயே கையில் கொடுங்கள். பெட்டியைத் திறந்து எடுக்கும் நேரத்தைத்தான் கணினி பதிந்துவிடும்.

மூன்று மணித்தியாலத்தில் ஒரு புத்தகத்தைப் படித்து முடிக்க முடியாது, முடிக்கவும் வேண்டாம். அந்தக் கிழமைக்குரிய அத்தியாயத்தை மட்டும் பாருங்கள். பெரும்பாலான நூலகங்களில் புத்தக ஸ்கேனர் இருக்கிறது, இலவசம். பக்கங்களை யூ.எஸ்.பி.யிலோ மின்னஞ்சலிலோ எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. கனடாவின் பதிப்புரிமைச் சட்டத்தில் நியாயமான பயன்பாட்டுக்குள் கல்வியையும் 2012இல் சேர்த்தார்கள். கல்லூரிகள் பொதுவாக வகுத்துக்கொண்ட அளவு ஒரு அத்தியாயம், அல்லது புத்தகத்தில் பத்து வீதம். தம்பி அடிப்பித்ததுபோல முழுப் புத்தகத்தையும் எடுப்பது அங்கே நடக்காது. தயவு செய்து முயல வேண்டாம், ஸ்டூடன்ட் விசாவில் போகிறவர்கள் இப்படியான விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

மின்வடிவிலும் ரிசேர்வ் உண்டு. ஸ்கேன் செய்த அத்தியாயங்களும் மின்நூல்களும் கட்டுரைகளும் பாடத்தின் இணையப் பக்கத்திலேயே, பிரைட்ஸ்பேஸோ கேன்வாஸோ மூடிலோ உங்கள் கல்லூரி எதை வைத்திருக்கிறதோ அதிலே, இணைப்பாக இருக்கும். இரவு வேலை முடித்து வருகிறவர்களுக்கு இது பெரிய உதவி. சில மின்நூல்களை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்கலாம். அதனால் படித்து முடிந்ததும் மூடிவிடுங்கள், அடுத்த பிள்ளை காத்திருக்கும்.

ரிசேர்வில் கிடைக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். சில பாடங்களில் வீட்டுப்பாடமே பதிப்பகத்தின் இணையத்தளத்தில்தான். அதற்குள் போக அக்சஸ் கோட் என்ற காசு கொடுத்து வாங்கும் குறியீடு வேண்டும், அது ஒருவருக்கு மட்டுமே செல்லும். நூலகத்தால் அதைத் தர முடியாது. அந்த வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் இருக்கிறதா என்று அவுட்லைனில் பார்த்துவிட்டு, இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

உங்கள் பாடத்துக்கு ஒன்றுமே இல்லை என்று காட்டினால் பேசாமல் திரும்பி வந்துவிடாதீர்கள். நம் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். ஆசிரியரிடம் கேட்டால் வசதியில்லாதவன் என்று நினைப்பாரோ என்ற கூச்சம். அப்படி யாரும் நினைப்பதில்லை. "இந்தப் புத்தகத்தை நூலக ரிசேர்வில் வைக்க முடியுமா?" என்று வகுப்பு முடிந்ததும் கேளுங்கள், அல்லது இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். நான் கேட்ட ஒருவர் அடுத்த கிழமையே கொண்டுபோய் வைத்தார். பழைய பதிப்பு போதுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். கணக்கியலில் பதிப்பு மாறினால் பயிற்சி இலக்கங்களும் மாறிவிடும்.

அப்புறம், ஒக்டோபரில் மிட்டேர்ம் என்ற இடைத்தவணைப் பரீட்சை நெருங்கும்போது எல்லாரும் ஒரே புத்தகத்துக்கு வரிசையில் நிற்பார்கள். நூலகம் திறந்தவுடன் போனால் கிடைக்கும். கல்குலேட்டரும் லாப்டொப் சார்ஜரும் பல இடங்களில் இதே கவுண்டரில் தருவார்கள், கேட்டுப் பாருங்கள்.

அன்று இரவே தம்பியின் ஐந்து பாடக் குறியீட்டையும் உவர்மலையில் இருந்தபடி அவன் கல்லூரி நூலகத் தளத்தில் போட்டுப் பார்த்தோம். இரண்டு பாடத்துக்குப் புத்தகம் இருந்தது, கணக்கியல் அதில் ஒன்று, அதுவும் அவன் அடிப்பித்ததைவிடப் புதிய பதிப்பு. மிச்ச மூன்று பாடத்தின் குறியீட்டையும் முதல் வகுப்பில் கேட்பதற்காகக் கொப்பியில் எழுதிக்கொண்டான். மூன்று கிலோ குறைந்தது என்றதும் சித்தி அரிசிமாப் பொதி ஒன்றோடு வந்தார். தராசை நான் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.