பக்கத்துக் கடை பாயோடு இயேசுவைப் பற்றிச் சண்டை வராமல் பேசுவது எப்படி?

நான் கிறிஸ்தவன், ஊர் எலத்தகிரி, கடை கிருஷ்ணகிரி டவுனில். பக்கத்துக் கடை ஒரு பாயுடையது, பல வருடப் பழக்கம். அப்படிப்பட்ட நாங்களே ஒரு தடவை இயேசு பேச்சில் முட்டிக்கொண்டு இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தப்பு என்னுடையதுதான். "உங்க குர்ஆன்லயே இயேசு இருக்காரே, அப்புறம் ஏன் பாய் நீங்க அவரை ஏத்துக்கல?" என்று கொஞ்சம் தெனாவெட்டாகக் கேட்டுவிட்டேன். "யாரு ஏத்துக்கல? ஈசா நபியை மறுத்தா நான் முஸ்லிமே இல்லப்பா" என்றார், முகம் சிவந்துவிட்டது. அதற்கப்புறம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை, என்னைப் போல வாயைக் கொடுத்து மாட்டப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பெயர். அவர்களுக்கு அவர் ஈசா நபி, நம்ம ஊரில் உருது பேசும் வீடுகளில் ஹஜ்ரத் ஈசா, பெயரோடு "அலைஹிஸ்ஸலாம்" என்று மரியாதையும் சேர்ந்தே வரும். குர்ஆனில் அந்தப் பெயர் 25 இடங்களில் இருக்கிறது. மஸீஹ் என்றும் அழைக்கிறது, நாம் மெசியா என்கிறோமே அதே சொல்தான். ஆனால் சொல் ஒன்றாக இருப்பதை வைத்துக் குதிக்க வேண்டாம். நமக்கு மெசியா என்றால் மீட்பர், அவர்களுக்கு அது ஒரு பெரிய நபியின் சிறப்புப் பெயர்.

பேச்சை மாதாவிலிருந்து தொடங்குங்கள், இதுதான் நான் கண்ட சுலபமான வழி. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம், 19வது அத்தியாயத்துக்கே அவர் பெயர்தான். ஆண் துணையில்லாமல் கன்னியாகவே கருவுற்றார் என்பதில் இரண்டு பக்கமும் ஒரே பேச்சு. பிரசவக் கதைதான் வேறு: லூக்கா சொல்வது பெத்லகேம், தீவனத் தொட்டி, கூடவே யோசேப்பு. குர்ஆனில் யோசேப்பே கிடையாது, மர்யம் தனியாக ஒரு பேரீச்ச மரத்தடியில் வலியில் துடிக்கிறார், காலடியில் நீரோடை, மரத்தை உலுக்கினால் பழம் உதிரும் என்று குரல் வருகிறது. அப்புறம் ஊரார் பழி பேச வந்தபோது தொட்டில் குழந்தையே வாய் திறந்து "நான் இறைவனின் அடிமை" என்று சொல்கிறது. இது நம் நற்செய்திகளில் இல்லை. களிமண்ணில் பறவை செய்து ஊதிப் பறக்கவிட்ட அற்புதமும் அப்படித்தான். குருடருக்குப் பார்வை, தொழுநோயாளிக்குச் சுகம், இறந்தவருக்கு உயிர், இதெல்லாம் இரண்டிலும் உண்டு, ஆனால் குர்ஆன் "இறைவனின் அனுமதியோடு" என்பதை விடாமல் சேர்க்கும். (பாத்திமா அன்னை கோயிலுக்கு ஏன் முகமது நபியின் மகள் பெயர் என்று பாய் ஒருநாள் கேட்டார். அது 1917இல் மாதா காட்சி கொடுத்ததாக நாங்கள் நம்பும் போர்ச்சுகல் ஊரின் பெயர் என்றேன், அந்தப் பெயரே அரபியிலிருந்து போனது என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.)

ஒரு எச்சரிக்கை. "அப்பா இல்லாமல் பிறந்தவர், அப்படியானால் கடவுளின் மகன்தானே?" என்று மடக்கப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். "ஆதமுக்கு அம்மாவும் இல்லையே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார், அது குர்ஆனின் 3வது அத்தியாயத்திலேயே இருக்கும் பதில்.

மகன் என்ற சொல்லில்தான் பாதிச் சண்டை. நாம் "இறைமகன்" என்றதும் ஒரு முஸ்லிமின் காதில் விழுவது, கடவுள் மனைவி வைத்துப் பிள்ளை பெற்றார் என்கிற மாதிரி. அவர்கள் தொழுகையில் அடிக்கடி ஓதும் 112வது அத்தியாயமே அவன் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை என்கிறது. அதனால் முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: உடல் வழிப் பிறப்பை நாங்களும் நம்பவில்லை, காலத்துக்கு முன்பிருந்தே தந்தையோடு இருக்கும் ஒரே இறைத்தன்மையைச் சொல்கிறோம், 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் சங்கம் அறிக்கையிட்டதும் இதைத்தான். தந்தை, மகன், தூய ஆவி, இந்த மூன்றில் மாதா கிடையாது என்பதையும் சொல்லுங்கள், பலருக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது. ஒரே தண்ணீர்தான் ஐஸாகவும் நீராவியாகவும் இருக்கிறது என்கிற உதாரணத்தை மட்டும் எடுக்காதீர்கள். ஒருவரே மூன்று வேஷம் போடுகிறார் என்று ஆகிவிடும், திருச்சபையே தள்ளிவைத்த விளக்கம் அது. இவ்வளவு சொன்ன பிறகும் பாய் ஒத்துக்கொள்ள மாட்டார். இறைவனுக்கு யாரையும் இணையாக்குவது ஷிர்க், அவர்களிடம் அதைவிடப் பெரிய பாவம் இல்லை. இந்த இடத்தில் வளைக்கப் பார்ப்பது வீண்.

அடுத்தது சிலுவை, இங்கே நிதானம் வேண்டும். அவரைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை, அப்படித் தோற்றமளிக்கப்பட்டது என்கிறது குர்ஆன் 4:157. வேறொருவர் அவர் சாயலில் மாட்டிக்கொண்டார், ஈசா நபியை இறைவன் உயிரோடு தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்பதுதான் பெரும்பாலான முஸ்லிம்களின் நம்பிக்கை. நமக்கோ பெரிய வெள்ளி இல்லாவிட்டால் ஈஸ்டர் இல்லை, கிறிஸ்து உயிர்த்தெழாவிட்டால் எங்கள் போதனையே வீண் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிவிட்டார். நான் முதலில் இதை மறுப்பு என்று மட்டும் நினைத்தேன். பாய் பார்வையில் அது இறைவன் தன் நபியைக் கைவிடவில்லை என்கிற மரியாதை. அதோடு, ஆதம் செய்த பாவத்துக்கு அவரே மன்னிப்புக் கேட்டார், மன்னிக்கப்பட்டார், விஷயம் முடிந்தது, ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க முடியாது என்பது அவர்கள் வழி. பிறகு எதற்காக ஒருவர் நமக்காகச் சாக வேண்டும் என்று அவர் கேட்டால் அது கிண்டல் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்பது. அன்பினால் தன்னையே கொடுத்தார் என்று உங்கள் மனதிலிருந்து சொல்லுங்கள், வசன எண்களை அடுக்க வேண்டாம்.

புத்தகப் பேச்சு வந்தால் இன்னொன்று. ஈசாவுக்கு இறைவன் கொடுத்த வேதம் இன்ஜீல் என்பார்கள், நம்மிடம் இருப்பது நான்கு பேர் எழுதிய நற்செய்தி. குர்ஆனையும் பைபிளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே சரிப்படாது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்கு இறைவனின் வார்த்தை புத்தகமாக இறங்கியது, நமக்கு அந்த வார்த்தையே மனிதராக வந்தது. பாய் உளு செய்யாமல், அதாவது கை, முகம், கால் கழுவிச் சுத்தமாகாமல், குர்ஆனைத் தொடாததைப் பார்க்கும்போது எனக்கு, பூசையில் இயேசுவின் உடலாக நாம் வாங்கும் நற்கருணைதான் ஞாபகம் வரும்.

இரண்டாம் வருகை இரண்டு பேருக்கும் உண்டு. நமக்கு அவர் தீர்ப்பிட வருகிறார், அவர்களுக்கோ, ஹதீஸ் என்கிற நபிமொழியின்படி, கடைசிக் காலத்தில் வரும் பொய்யனான தஜ்ஜாலைக் கொல்லவும் சிலுவையை முறிக்கவும் வருகிறார். டீ ஆறுவதற்குள் முடிகிற பேச்சு இல்லை, இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸுக்குச் சில முஸ்லிம்கள் வாழ்த்துச் சொல்லத் தயங்குவார்கள், வற்புறுத்தாதீர்கள், கேக் மட்டும் கொடுங்கள். வாங்கும்போது பேக்கரியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பிளம் கேக்கில் ரம் ஊற்றியிருப்பார்கள்.