பவர் மெஷினில் சர்வோ மோட்டார் பொருத்துதல்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

காரைக்குடியில் உள்ள எங்கள் தையல் கடையில் கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு முதன்முதலாகச் சர்வோ மோட்டாரைப் பொருத்தியபோது, வேகக் குமிழைத் திருகினால் எல்லாம் சரியாகிவிடும் என்றே எண்ணியிருந்தேன். குமிழுக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை மூன்று இருக்கின்றன: புல்லியின் (பெல்ட் ஓடும் பள்ளச் சக்கரம்) அளவு, பெல்ட்டின் இறுக்கம், பெடல் கம்பியின் நிலை.

கிளட்ச் மோட்டார், சுவிட்சைப் போட்டதிலிருந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 2850 சுற்று வேகத்தில், தைத்தாலும் தைக்காவிட்டாலும், இரைந்தபடி ஓடிக்கொண்டே இருக்கும்; பெடலை மிதிக்கும்போது கிளட்ச் தட்டு ஒட்டி அந்த ஓட்டத்தைப் பெல்ட்டுக்குத் தருகிறது. சர்வோ மோட்டாரோ மிதித்தால் மட்டுமே சுழல்வதால், சத்தமும் மின்செலவும் குறைகின்றன; வேகமும் காலுக்கு அடங்குகிறது.

பழைய மோட்டாரைக் கழற்றுதல்

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். கைச்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பெல்ட்டை ஓரமாகத் தள்ளினால் அது கழன்று வரும். கிளட்ச் மோட்டார் நல்ல கனம். ஆகவே போல்ட்டுகளைத் தளர்த்துமுன் அதன் அடியில் ஒரு முக்காலியோ மரக்கட்டையோ முட்டுக்கொடுத்துவிடுங்கள். பழைய மோட்டார் மூன்று பேஸ் மின்சாரத்தில் ஓடியதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைகளில் வாங்கும் சர்வோ மோட்டார்களில் பெரும்பாலானவை 220 வோல்ட் ஒற்றை பேஸுக்கானவை என்பதால், பழைய சுவிட்சிலிருந்து வரும் வயரை அப்படியே இணைத்துவிடக் கூடாது; எர்த் உள்ள தனிப் பிளக் வேண்டும்.

புதியதை மாட்டுதல்

மேசைப் பலகையில் ஏற்கனவே உள்ள மூன்று துளைகளே பெரும்பாலும் பொருந்தும். ஸ்பிரிங் வாஷரை விடாமல் போட்டு, நட்டுகளை முதலில் அரைகுறையாக மட்டும் இறுக்குங்கள். மோட்டார் புல்லியின் பள்ளமும் கைச்சக்கரத்தின் பள்ளமும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். பெல்ட் பலகைத் துளையின் ஓரத்தில் உரசினால் சில வாரங்களிலேயே பிசிர் விட்டுவிடும்.

புல்லிதான் பலரும் கவனிக்காத இடம். மெஷினின் வேகத்தை அறிய, மோட்டாரின் சுற்று வேகத்தை மோட்டார் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, கைச்சக்கரப் புல்லியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். கைச்சக்கரப் புல்லி 75 மி.மீ. என்று கொள்வோம்: மோட்டாரில் 75 மி.மீ. புல்லி இருந்தால் 3000 சுற்றுக்கு 3000 தையல் விழும், 45 மி.மீ. புல்லி போட்டால் அதே 3000 சுற்றுக்கு 1800 தையல்தான். குமிழைக் குறைத்தாலும் இந்த வேகத்தைப் பெறலாமே என்று கேட்பீர்கள். மிகக் குறைந்த சுற்றில் சில மோட்டார்களுக்கு இழுவை போதாமல், நான்கு மடிப்புத் துணி சேருமிடத்தில் ஊசி திணறி நின்றுவிடும். சிறிய புல்லி வேகத்தைக் குறைக்கும் அதே அளவுக்கு இழுவையைக் கூட்டிக் கொடுக்கிறது. பழகுபவருக்குச் சிறிய புல்லியே நல்லது என்பது என் கருத்து. ஆனால் வாங்குமுன் மோட்டார் தண்டின் தடிமனை அளந்துகொள்ளுங்கள், பழைய புல்லியின் துளை இதற்குச் சேராமல் போகலாம். மேற்சொன்ன மாற்றத்தில் பெல்ட்டின் தேவையும் ஏறக்குறைய 2 அங்குலம் குறையும். எம்-42 பெல்ட் (எண் அதன் நீளத்தை அங்குலத்தில் குறிக்கும்) ஓடிய இடத்தில் எம்-40 கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

பழைய மோட்டார் தன் கனத்தாலேயே பெல்ட்டை இழுத்து நிறுத்தும். சர்வோ இலேசானது என்பதால், அதைக் கையால் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்குவது அவசியம். பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்தினால் 15 மி.மீ. அளவுக்கு உள்வாங்கினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் தேயும். தளர்த்தினால் பெல்ட் வழுக்கும்.

பெடலும் சுழலும் திசையும்

பெடலையும் மோட்டாரின் கைப்பிடித் தகட்டையும் இணைக்கும் கம்பி கூடியவரை செங்குத்தாக நிற்க வேண்டும். தகட்டில் பல துளைகள் இருந்தால், அச்சிலிருந்து தள்ளியுள்ள துளையில் கம்பியை மாட்டுங்கள். கால் அதிக தூரம் இறங்கினால்தான் வேகம் ஏறும் என்பதால் மிதி நயமாக அமையும். நான் முதல் முறை கம்பியைச் சாய்வாகவும் குட்டையாகவும் வைத்துவிட்டு, மோட்டாரே பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அது தேவையில்லாத சண்டை.

சோதிக்கும்போது நூலையும் பாபின் கேஸையும் எடுத்துவிட்டு, அழுத்துபாதத்தைத் தூக்கி வையுங்கள். பெடலில் கால் வைத்தபடி சுவிட்சைப் போட வேண்டாம். சாதாரண ஒற்றை ஊசி மெஷினில் கைச்சக்கரத்தின் மேற்பகுதி தைப்பவரை நோக்கி வர வேண்டும். மாறிச் சுழன்றால் கன்ட்ரோல் பெட்டியில் உள்ள திசை சுவிட்சையோ அமைப்பு எண்ணையோ மாற்றுங்கள். ஓவர்லாக் மெஷின்களில் பல இதற்கு எதிராகச் சுழல்பவை. அங்கே கைச்சக்கரத்தில் உள்ள அம்புக்குறியைப் பின்பற்றுங்கள். எதற்காகவேனும் பெட்டியின் மூடியைத் திறப்பதானால், பிளக்கைப் பிடுங்கி 10 நிமிடம் கழித்தே திறக்க வேண்டும். உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

இனி வேகக் குமிழ். நிமிடத்துக்கு 800 தையலில் தொடங்கி, கண்டாங்கிச் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதுபோல் நீண்ட நேர்த்தையல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கெட்டியான பருத்திக் கரையில் ஊசி தயங்காமல் இறங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். எங்கள் கடைபோல் ஆத்தங்குடிக் கல் பதித்த வழுவழுப்பான தரையாக இருந்தால், மேசைக் கால்களுக்கு ரப்பர் அடிக்கட்டை போடுங்கள். இல்லாவிட்டால் மேசை நகர்வதை மோட்டாரின் அதிர்வு என்று தவறாக எண்ணிக்கொள்வீர்கள்.

பெல்ட் மூடியை மாட்டிய பிறகே தைக்க உட்காருங்கள். புதிய பெல்ட் ஓடஓடச் சற்று நீளும் என்பதால், ஒரு வாரம் கழித்து அதன் இறுக்கத்தையும் பலகையடி நட்டுகளையும் மறுபடி பாருங்கள்.