இடுப்பில் சீலை கட்டாத ஊழியம்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய வியாழன் ஆராதனையில் யோவான் 13-ஆம் அதிகாரத்தை வாசிப்பார்கள். இயேசு போஜனத்தை விட்டு எழுந்து, வஸ்திரங்களைக் கழற்றி வைத்து, ஒரு சீலையை எடுத்து அரையில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். சிறு வயதிலிருந்தே காதில் விழுந்த பகுதிதான். ஆனாலும் அதில் உள்ள ‘எழுந்து’ என்ற சொல்லை நான் கவனிக்கப் பல ஆண்டுகள் ஆயின.

நெல்லைச் சீமைச் சபைகளில் கொடுக்கிற கைகளுக்குப் பஞ்சமில்லை. உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனிப் பானையில் போட்டுவைத்த பாட்டிமார்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் தவறுகள் பெரும்பாலும், இருந்த இடத்தை விட்டு எழாமலேயே கொடுப்பதால் வருகின்றன.

முதல் தவறு, கேட்காமல் கொடுப்பது. இதை நானே செய்திருக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் வந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வீட்டில் இருந்த பழைய சேலைகளையும் சட்டைகளையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு, சில நண்பர்களோடு ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்குப் போனேன். சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு படிந்திருந்த ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர் தனியாக இருந்தார். சேலையை நீட்டினேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, “சேலை இருக்கட்டும் ஐயா, பெட்டியில் இருந்த பட்டாவும் ரேஷன் கார்டும் நனைந்து ஒட்டிப்போய்விட்டன. இதை எங்கே கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று கேட்டுச் சொல்வாயா?” என்றார்.

அவருக்குத் தேவைப்பட்டது, தாலுகா அலுவலகத்தில் அவரோடு அரை நாள் உட்கார ஓர் ஆள். மூட்டை கொண்டுபோன எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எரிகோவின் வழியோரம் உட்கார்ந்திருந்த பர்திமேயுவுக்குக் கண் தெரியாது என்பது பார்த்தவுடனே விளங்கும். இருந்தும் இயேசு அவனிடம், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் நம் மூட்டைகளில் பாதி தேவைப்படாது. நம் நேரம்தான் தேவைப்படும். அதைக் கொடுப்பதுதான் கஷ்டம்.

அடுத்தது, கொடுப்பதைப் படம் பிடிப்பது. வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்ற வசனம் தெரியாதவர் சபையில் இல்லை. ஆனாலும் ஐந்து கிலோ அரிசிப் பையை வாங்க வந்த அம்மாவைக் கேமராவுக்கு நேராகத் திருப்பி நிறுத்துகிறோம். அந்தப் படத்தை அவருடைய பிள்ளையோடு பள்ளியில் படிக்கிற மாணவர்களும் பார்ப்பார்கள். நெல்லைச் சீமையின் டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1951-இல் மறைந்தபோது, தன் கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அங்கே பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி ஒன்றைத்தான் அமைத்தார்கள்.

உதவியோடு ஒரு நிபந்தனையைக் கட்டி அனுப்புவதும் தவறு. ‘கூட்டத்துக்கு வந்தால் கிடைக்கும்’ என்று சொன்ன கணத்தில் அன்பு கூலியாகிவிடுகிறது. இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுத்தமாக்கியபோது திரும்பி வந்தவன் ஒருவன்தான். வராத ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இவை எல்லாவற்றையும் விட என் மனத்தை அறுப்பது வேறொன்று. ஓர் ஊரின் பிரதிஷ்டைப் பண்டிகையில் அசனம், அதாவது சபையார் கூடி உண்ணும் பொது விருந்து, நடந்தது. ஆலயத்துக்குப் பின்னால் அண்டா அண்டாவாகச் சோறு வெந்தது. பந்திக்கு இலை போட்டார்கள். தெருக்கோடியிலிருந்து வந்த, துப்புரவு வேலை செய்யும் ஒரு குடும்பம் தூக்குவாளியோடு சுவரோரம் நின்றது. பரிமாறிக்கொண்டிருந்தவர் நல்ல மனிதர். ஓடிப்போய் வாளியை வாங்கி, கறியை அள்ளி நிறைத்து, “வீட்டில் போய் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்” என்று அன்போடுதான் சொன்னார். பந்தியில் அப்போது நான்கு இலைகள் காலியாக இருந்தன. அந்தக் குடும்பத்துச் சிறுமி போகும்போது திரும்பித் திரும்பி அந்த இலைகளைப் பார்த்துக்கொண்டே போனாள்.

வாளி நிறைந்தது, இலை கிடைக்கவில்லை. சாதி நம் சபைகளில் இப்படித்தான் தயவு என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. இதற்குப் பதில் சொன்னவரும் நம் மண்ணிலிருந்து போனவர்தான். 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானவர் அசரியா. 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் மேற்கத்திய மிஷனரிகளைப் பார்த்து அவர் பேசினார். ஏழைகளுக்கு உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே எரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பதே அதன் சாரம். அன்று வெள்ளைக்காரர்களிடம் அவர் கேட்டதை, இன்று நம் தெருக்கோடியில் இருப்பவர்கள் நம்மிடம் கேட்க உரிமை இருக்கிறது. நாம் உதவி செய்கிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் நாம் சாப்பிட்டிருக்கிறோம்? நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்களில் எத்தனை பேருக்குப் பத்திரிகை வைத்தோம்?

வெளியே ஊழியம், வீட்டுக்குள்ளே வெறுப்பு என்று வாழ்வதும் உண்டு. படுக்கையில் இருக்கும் மாமியாரை ஒரு வார்த்தை பேசாமல் விட்டுவிட்டு மருத்துவமனை வார்டுகளுக்கு ஜெபிக்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொர்பான், அதாவது இது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்ட பகுதி மாற்கு 7-இல் இருக்கிறது. அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கடைசியாக, யாரும் தவறென்றே எண்ணாத ஒன்று: பெற்றுக்கொள்ள மறுப்பது. இயேசு கால்களைக் கழுவ வந்தபோது பேதுரு, “நீர் ஒருபோதும் என் கால்களைக் கழுவக்கூடாது” என்றான். கேட்பதற்குத் தாழ்மை போலத்தான் இருக்கிறது. இயேசு அதை ஏற்கவில்லை. ஏமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்து அடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகளின் கைகள் அவரைத் தாங்கின. அதையும் ஏற்கத் தெரிய வேண்டும்.

எனக்கு அது தெரியவில்லை. மழைக்குப் பின் நான் சந்தித்த அந்த ஆச்சியோடு தாலுகா அலுவலகத்துக்குப் போய்த் திரும்பிய அன்று, அவர் கருப்பட்டிக் காப்பி போட்டு எடுத்து வந்தார். எரியாத ஈர விறகில் ஊதி ஊதிப் போட்ட காப்பி. “வேண்டாம் ஆச்சி, உங்களுக்கே இல்லாத நேரத்தில் எனக்கு எதற்கு?” என்றேன். அவர் முகம் சட்டென்று விழுந்தது. டம்ளரை வைத்திருந்த கை மட்டும் நீட்டியபடியே நின்றது. அதற்குப் பிறகு நான் ஒன்றும் பேசவில்லை. சேறு காயாத அந்தத் திண்ணையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புகை வாசம் ஏறிய அந்தக் காப்பியைக் குடித்தேன். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டார். ஊற்றுங்கள் என்றேன்.