அடிதடி வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இசை: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இசை சிகிச்சைப் பயிற்சிக்கு வருகிறவர்களின் அமர்வுகளில் மூலையில் உட்கார்ந்து கவனிப்பது என் வேலைகளில் ஒன்று. இந்திய வம்சாவளியினர் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் கோயில் பஜனைக் குழுக்களிலிருந்தும் ஆர்வத்தோடு சிலர், அடிதடி வீட்டை விட்டு வந்த அம்மாக்களும் பிள்ளைகளும் தங்கும் காப்பகங்களுக்கு வருகிறார்கள். முகங்கள்தான் மாறுகின்றன. தவறுகள் நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள். நேரத்துக்கு வா, போனை அணை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ராகப் பட்டியலோடு வருவது

நீலாம்பரி பாடினால் தூங்கும் என்று எழுதி வைத்த தாள் பையிலேயே இருக்கட்டும். இந்த ஊர் ஆட்டப் பாட்டான அமாபியானோ கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது யாரோ பாடும் ஏதோ பாட்டு.

அடங்கிப்போன பிள்ளையை ‘அமைதியடைந்தான்’ என்று எழுதுவது

இதற்குத்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஒரு காப்பகத்தில் ஏழெட்டு வயதுப் பையன். பயிற்சிக்கு வந்த பெண் கீபோர்டில் தாலாட்டு மெட்டு வாசிக்கிறாள். பையன் கையில் ஷேக்கர். அவள் வேகத்துக்கு அச்சுப் பிசகாமல் ஆட்டுகிறான். மெதுவாக்கினால் மெதுவாக, கூட்டினால் வேகமாக. கடைசி வரை தாளம் தப்பவே இல்லை. முடிந்ததும் குறிப்பேட்டில் ‘மிகவும் அமைதியடைந்தான், நல்ல ஒத்துழைப்பு’ என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

நான் அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்புக்குள் விரல்கள் சுருண்டிருந்தன. தோள் இரண்டும் காதுக்கு ஏறியிருந்தன. கண் கதவுக் கைப்பிடியிலேயே இருந்தது. வெளியே ஒரு பக்கி (சிறிய திறந்த லாரி) வந்து நின்ற சத்தம் கேட்டதும் ஷேக்கர் நின்றுவிட்டது. எஞ்சினை அணைத்துவிட்டு யாரோ ஒரு பெண் சிரித்த பிறகுதான் மறுபடி ஆடியது. அன்று ராத்திரி தங்கையைக் கடித்து வைத்தானாம். அடுத்த வாரம் அறை வாசலுக்கே வரவில்லை.

ஆபத்து வந்தால் உடம்பு எதிர்க்கும், இல்லாவிட்டால் ஓடும். இரண்டும் முடியாத சின்ன உடம்பு உறைந்துபோகும். பெரியவர் முகம் பார்த்து நடந்தே பிழைத்த பிள்ளைக்கு எதிரே இருப்பவரின் வேகத்தைப் பிடிப்பது கைவந்த வித்தை. ‘நான் அடங்கி இருந்தால்தான் இந்த அக்காவுக்குப் பிடிக்கும்’ என்று அவன் கணக்குப் போடுகிறான், நாம் அதைப் பாராட்டி எழுதுகிறோம். சிகிச்சை அறையும் இன்னொரு அடிதடி வீடாகிவிடுகிறது. இதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். பல பிள்ளைகள் அதற்குள் காப்பகத்தை விட்டே போய்விடுகிறார்கள்.

பயிற்சிக்கு வருகிறவர்கள் ஐசோ கொள்கையை நன்றாக ஒப்பிப்பார்கள். 1940களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் சொன்னது அது: ஆள் இருக்கும் மனநிலைக்குப் பொருந்தும் இசையில் தொடங்கி, அங்கிருந்து மெல்ல நகர்த்து. இவர்கள் முதல் பாதியைத் தாண்டிக் குதித்து நேரே தாலாட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

தாளமே தப்பாத பிள்ளையைக் கண்டால் எனக்குப் பயம். பயம் விட்ட பிள்ளை தப்பாக வாசிக்கும், இழுத்தடிக்கும், உங்கள் குரலைக் கிண்டல் செய்யும். சந்தேகமாக இருந்தால் அவனுக்குத் தெரிந்த பாட்டில் ஒரு வரியை வேண்டுமென்றே மாற்றிப் பாடிப் பாருங்கள். ‘ஐயே, அப்படி இல்ல’ என்றால் நல்லது. உங்கள் தப்பையும் அப்படியே திருப்பிப் பாடினால் வாசிப்பைக் குறையுங்கள். ஆனால் சட்டென்று நிறுத்தாதீர்கள். அந்த வீட்டில் திடீரென்று சத்தம் நின்ற பிறகு என்ன நடந்ததோ. ‘இன்னும் ரெண்டு தடவ, அப்புறம் நிறுத்தப்போறேன்’ என்று சொல்லி முடியுங்கள். கதவைத் திறந்து வையுங்கள், எழுந்து நடக்க விடுங்கள்.

முதல் நாளே ஒரு ஜால்ராவைக் கையில் கொடுத்து, இதைத் தட்டினால் நான் நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிடுவது இன்னும் நல்லது. சொன்னபடி நிறுத்தவும் வேண்டும். ஒரு பாட்டுகூட முடிக்க விடாமல் தட்டிக்கொண்டே இருந்தாலும் முகம் சுளிக்காதீர்கள். அன்றைய வேலையே அதுதான்.

அம்மாவிடம் கேட்காமல் பாட்டைத் தேர்ந்தெடுப்பது

சாட்ஸ்வொர்த், 1960களில் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் நம்மவர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம். அங்கே பழைய வீடுகள் பல ஒட்டுச்சுவர் வீடுகள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டுக் கை நீட்டுகிற ஆட்கள் உண்டு. நீங்கள் குஷியாக எடுத்துவிடும் பழைய சினிமாப் பாட்டு அந்தப் பிள்ளைக்கு அடுத்து வரப்போவதன் அறிவிப்பு. எந்தப் பாட்டு வேண்டாம் என்று அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள்.

‘அடிச்சுத் தீர்த்துக்கோ’ என்று மேளத்தைக் கொடுப்பது

காவடிக்கு மேளம் வாசிக்கிற பையன்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். மனம்போனபடி அடிக்கவிட்டால் கோபம் தீராது, ஏறும். அதே அறையில் தங்கை மேசைக்கடியில் ஒளிந்துகொள்வாள். நாலு அடி நீ, நாலு அடி நான் என்று தொடக்கமும் முடிவும் வைத்துக் கொடுங்கள்.

அம்மாவை வேடிக்கை பார்க்க வைப்பது

வீட்டில் கை நீட்டிய ஆள் அடித்ததோடு நின்றிருக்க மாட்டான். ‘உங்கம்மாவுக்கு என்ன தெரியும்’ என்று பிள்ளை எதிரிலேயே சொல்லிச் சொல்லி அவர் பேச்சுக்கு மதிப்பில்லாமல் செய்திருப்பான். இப்போது நீங்கள் வந்து அவரைவிட நன்றாகப் பாடி, விளையாடி, பிள்ளையை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டால் அவன் தொடங்கியதை நீங்கள் முடித்து வைத்த மாதிரி. பாட்டை அம்மா தொடங்கட்டும். சுருதி சேராவிட்டால் பரவாயில்லை. பாட்டி பாடிய தாலாட்டு பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக வந்தால் வரட்டும்.

அப்பாவையும் அழைத்துக் குடும்பமாகப் பாடுவது

கூடவே கூடாது.

பிள்ளை பாடியதை வாட்ஸ்அப்பில் அனுப்புவது

ஜன்னல் வழியே கேட்கும் பாங்குச் சத்தமும் ரயில் சத்தமும் போதும், தேடுகிறவன் இடத்தைக் கண்டுபிடிக்க.

‘இசை சிகிச்சையாளர்’ என்று அட்டை அடிப்பது

சுகாதாரத் தொழில்கள் கவுன்சிலில் பதிவு இல்லாமல் முடியாது. பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன் என்று போடுங்கள், அதிலும் குறைச்சல் ஒன்றுமில்லை.

பாட்டில் வந்ததை நமக்குள்ளேயே வைத்துக்கொள்வது

பிள்ளைகள் சொந்தமாக வரி கட்டும்போது வீட்டு விஷயம் வந்துவிடும். உடனே சிலர் ‘எதால அடிச்சார், அப்புறம்?’ என்று துருவுகிறார்கள். விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. நீங்கள் கேட்ட கேள்வியே பிறகு நீதிமன்றத்தில் பிள்ளையின் வாக்குமூலத்தைக் கெடுக்கும். வேறு சிலர் குடும்ப மானம் என்று மூடி மறைக்கிறார்கள். 2005ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 110ஆம் பிரிவு, ஆசிரியர், தாதி, மதகுரு என்று பட்டியல் போட்டு, தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. கோயில் குருக்களுக்கும் விலக்கில்லை. திருத்திய குடும்ப வன்முறைச் சட்டம் 2023இல் அமலுக்கு வந்த பிறகு, பிள்ளைமேல் வன்முறை நடக்கிறதென்று நியாயமாகச் சந்தேகிக்கிற எந்தப் பெரியவரும் சமூகப் பணியாளரிடமோ போலீஸிடமோ சொல்லியாக வேண்டும். பிள்ளைமேல் அடி விழாவிட்டாலும், அடிப்பதைப் பார்க்கவும் கேட்கவும் விடுவதே அதில் சேர்த்தி. பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே, தேதி போட்டு எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கான உதவி எண் சைல்ட்லைன் 116. பாலின வன்முறை உதவி மையம் 0800 428 428, ராத்திரியும் எடுப்பார்கள்.